மலைநாட்டு எழுத்தும் பிரதி காக்கும் நெறியும்

நூலை ஆக்குதல் ஒரு பணி. ஆக்கிய நூலை அழியாது காத்தல் பிறிதொரு பணி. முன்னதைச் செய்தோர் புலவர் எனப் போற்றப்பட்டனர். பின்னதைச் செய்தோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. ஆயினும் இன்று தமிழர் கையில் எஞ்சியுள்ள பண்டை நூல் ஒவ்வொன்றும் பெயரறியா ஏடெழுதுவோர் பலரின் கைவழியாக வந்ததேயாகும். பனையோலையை எத்துணை நன்றாகப் பேணினும் அது சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனைத் தின்னும். அடுப்பு நெருப்பும் ஆற்று வெள்ளமும் அதனைக் கொள்ளும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுதல் ஒவ்வொரு தலைமுறைக்கும் கடமையாயிற்று. ஒரு தலைமுறை அக்கடமையை மறந்தவிடத்து ஒரு நூல் இறந்தது.

பெயர்த்தெழுதும்போது பிழை நேர்தல் இயல்பு. ஒருவர் ஓரெழுத்தை மாற்றினார். இன்னொருவர் தமக்கு விளங்காத சொல்லைத் திருத்தினார். பிறிதொருவர் ஓரடியை விட்டுவிட்டார். இவ்வாறு ஒரே நூல் ஊருக்கு ஊர் வேறுபட்டு நின்றது. இவ்வேறுபாடுகளையே பாடபேதம் என்றனர் நூலோர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றியபோது எதிர்கொண்ட பேரிடர் இதுவே. அதே 1887 இற் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் பல ஊர் ஏடுகளைத் தேடிக்கொணர்ந்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வேறுபாடுகளைக் குறித்துக்கொண்ட பின்னரே மூலத்தைத் துணிந்தார். இப்பதிப்பாசிரியர்களின் உழைப்பிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படும். பிரதி ஒன்றன்று, பலவாதல் வேண்டும். அவை ஓரிடத்தன்றிப் பலவிடத்தும் இருத்தல் வேண்டும். ஒரு பிரதிக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு மறைக்கப்படாது குறிக்கப்படல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த நூல் பிழைத்தது. வாய்க்காத நூல் பெயரளவில் நின்றது, அன்றேல் பெயருமின்றி ஒழிந்தது.

இந்நெறிகளைக் கொண்டு இலங்கையின் மலைநாட்டை நோக்குமிடத்து வரலாற்றின் வேறொரு முகம் தோன்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தமிழ்நாட்டு உழைப்பாளர் ஓலைச்சுவடிகளைச் சுமந்து வந்தாரல்லர். அவர்கள் சுமந்து வந்தவை பாட்டும் கதையும் கூத்தும் ஆகும். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காமன் கூத்து என்பன நினைவிலேயே வாழ்ந்தன. நினைவு என்பது ஒருவர் உடலோடு அழியும் ஏடாகும். அதனைப் பெயர்த்தெழுதுவோர் அக்காலத்திற் பெரும்பாலும் இலர்.

அரிதாக எழுத்துருவும் அச்சுருவும் பெற்றவை பிழைத்தன என்பதற்குச் சான்றொன்று உண்டு. ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி 1869 இல் அச்சாயிற்று. கோப்பிச் செய்கையின் தொழில்களைக் கும்மிப் பாட்டாக எடுத்துரைக்கும் நூல் அது. அதே 1869 ஆம் ஆண்டிலேதான் கோப்பி இலைகளைப் பற்றிய துருநோய் இலங்கையிற் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுள் அந்நோய் கோப்பிப் பெருந்தோட்டத் தொழிலை வீழ்த்திற்று. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்ட தேயிலையே பின்னர் மலைகளை மூடிற்று. கோப்பி போயிற்று, கோப்பியைப் பாடிய கும்மி நின்றது. அது நின்றமைக்குக் காரணம், அச்சுப்பொறி ஒரே வேளையிற் பல பிரதிகளை ஆக்கிப் பல கைகளிற் சேர்த்தமையேயாகும்.

தோட்டங்களில் எழுத்தே இல்லையென்று கொள்ளுதல் பொருந்தாது. எழுத்து மிகுதியாகவே இருந்தது. ஆனால் அது கணக்கெழுத்து. அதிகாலையிற் தப்பொலி கேட்டு உழைப்பாளர் பிரட்டுக்களத்திற் கூடுவர். கணக்கப்பிள்ளை அவர்தம் பெயரைத் தம் கைச் செக்ரோலிற் பதிவார். கொழுந்து மடுவத்தில் நிறுத்த இறாத்தல்களும் அவ்வாறே பதிவாகும். பின்னர் அவை தோட்ட அலுவலகத்துப் பெரிய செக்ரோலிற் பெயர்த்தெழுதப்படும். இரண்டு ஏடும் ஒவ்வாவிடிற் பிழை எங்கே நேர்ந்ததென்று தேடுவர். நாள்தோறும் குறித்த நேரத்தில், ஒருவர் நினைவூட்ட வேண்டாது, தொழிலின் ஒழுங்காகவே அப்பதிவு நடந்தது. கங்காணி முறை ஓங்கியிருந்த காலத்திற் கடனைக் குறித்த ஒரு துண்டுச் சீட்டே உழைப்பாளரை ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்துக்கு மாற்றவல்லதாயிருந்தது. அத்துண்டு முறை 1921 இலேதான் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆகவே எழுத்தின் வலிமையைத் தோட்டம் நன்கறிந்திருந்தது. பறித்த கொழுந்துக்கு இரட்டை ஏடு இருந்தது; பறித்தவர் பாடிய பாட்டுக்கு ஓரேடும் இல்லை. எதனை இழத்தலாகாது என்று ஒரு நிருவாகம் கருதுகின்றதோ, அதற்கே அது பிரதி எடுக்கின்றது.

இக்குறையை முதலில் உணர்ந்து செயற்பட்டோருள் தலையாயவர் கோ. நடேசய்யர். தஞ்சைப் பகுதியினின்று இலங்கை போந்த அவர், 1924 இற் தேசபக்தன் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி ஹற்றனைக் களமாகக் கொண்டு உழைத்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை உழைப்பாளரின் நிலையைப் பாட்டாக்கினார். அப்பாடல்கள் சிறு வெளியீடாகவும் வந்தன. லயங்களிலே வாய்க்கு வாய் பரவவல்ல பாட்டைத் தாளிலும் பதித்தமை அக்காலத்திற் பெருஞ்செயல். எனினும் சிறு வெளியீட்டின் வாழ்நாள் குறுகியது. வாங்கியவர் படித்தனர், மடித்து வைத்தனர், மழைக்காலத்தில் அது பூஞ்சணம் பற்றிற்று. தென்மேற்குப் பருவமழை ஹற்றன், மஸ்கெலியாப் புறங்களில் மாதக்கணக்காகப் பொழியும். ஒற்றை அறை கொண்ட லயத்தில், அடுப்புப் புகைக்கும் ஒழுகும் கூரைத் தகரத்துக்கும் இடையே, ஒரு தாள் எத்துணை ஆண்டு நிற்கும்? 1947 இல் நடேசய்யர் மறைந்த பின்னர் அவர்தம் எழுத்துக்கள் பல கண்ணிற் படாதனவாயின. சாரல் நாடன் பல்லாண்டு தேடி அவற்றைத் திரட்டி, தேசபக்தன் கோ. நடேசய்யர் என்னும் நூலை 1988 இல் வெளியிட்ட பின்னரே அவ்வரலாறு மீண்டும் துலங்கிற்று.

சி. வி. வேலுப்பிள்ளையின் பணியும் இவ்வகையில் நினையற்பாலது. வட்டகொடைப் பகுதித் தோட்டமொன்றிலே 1914 இற் பிறந்து, 1947 இல் முதலாவது பாராளுமன்றத்துக்குத் தலவாக்கலைத் தொகுதியினின்று தெரிவாகிய அவர், அரசியலாளராக மட்டுமன்றிப் பாட்டுத் தொகுப்பாளராகவும் விளங்கினார். தோட்டந்தோறும் கேட்டுத் திரட்டிய பாடல்களை மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் பெயரில் 1983 இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டில் அவர் காலமானார். அந்நூல் ஓராண்டு பிந்தியிருப்பின் எத்துணைப் பாடல்கள் அவரோடு மறைந்திருக்கும் என எண்ணுமிடத்து, பிரதி எடுத்தலைத் தள்ளிவைத்தல் எத்தன்மைத்து என்பது புலனாகும்.

பிரதியின்மையால் நேரும் இழப்பு இலக்கியத்தோடு நிற்பதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ்க் குடியுரிமை வேண்டினோர் குறித்த ஆண்டுகள் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. மணம் புரிந்தோர்க்கு ஏழாண்டு, ஏனையோர்க்குப் பத்தாண்டு என அச்சட்டம் வகுத்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே குடியுரிமை பெற்றனர். மறுப்புக்கு அரசியற் காரணங்கள் பலவுண்டு. ஆயினும் பிறப்புச் சான்றோ வதிவுச் சான்றோ தம் கையில் இல்லாதவர் அதிகாரியின் முன் வாயடைத்து நிற்க நேர்ந்தது என்பதும் உண்மை. ஒரு குடும்பம் மூன்று தலைமுறை உழைத்தது என்பதற்கு மலைச்சரிவே சாட்சி. ஆனால் மலைச்சரிவு சான்றிதழ் வழங்குவதில்லை.

அதன்பின் மக்களே பிரிக்கப்பட்டனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் வகுக்கப்பட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறியவர்களுட் பலர் நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரிப் புறங்களிற் குடியேறினர். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இருப்பிடமிழந்தோர் வவுனியாப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். கையிற் கொள்ளத்தக்கதை மட்டுமே கொண்டு செல்வோர் பழந்தாள்களைக் கொண்டு செல்வாரோ? இதே காலத்தில், 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓரிடத்திற் குவிந்த பெருஞ்செல்வமும் ஓரிரவில் அழியும் என்பதை அந்நிகழ்ச்சி தமிழுலகுக்குக் கொடிதாக உணர்த்திற்று. லயத்து மூலையிற் கிடந்த ஒற்றைத் தாளும், மாளிகை போன்ற நூலகத்தின் ஒற்றைச் சுவடியும், வேறிடத்திற் பிரதியில்லை என்ற அளவில் ஒரு தன்மையனவே.

இனி, இவ்விடரை நீக்குதற்கு இக்காலத்தில் எழுந்துள்ள கருவியொன்றின் வரலாறு நோக்கத்தக்கது. அது நூற்காப்புக்கென எழுந்ததன்று. கணினி நிரல்களை எழுதுவோரின் தேவையினின்று பிறந்தது. நிரலொன்றைப் பலர் பலமுறை திருத்துங்கால், எத்திருத்தத்தாற் பிழை புகுந்தது என அறிதல் அரிதாயிற்று. 1972 இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொக்கின்ட் என்பார் ஒவ்வொரு திருத்தத்தையும், அதனைச் செய்தவர், செய்த நாள், செய்த காரணம் ஆகியவற்றோடு காத்துவைக்கும் முறையொன்றை அமைத்தார். 1980 களின் தொடக்கத்தில் வோல்ற்றர் டிச்சி என்பார் அமைத்த முறை புதிய பாடத்தை முழுமையாகவும், பழைய பாடங்களை அதனின்று வேறுபடும் அளவிலும் காத்தது. இவை பதிப்புக் கட்டுப்பாட்டு முறைகள் எனப்படும். ஏட்டுப் பதிப்பாசிரியர் பாடபேதம் குறித்த நெறியும் இதுவும் நோக்கத்தால் ஒன்றே. வேறுபாடு யாதெனில், அவர்கள் வேறுபாடுகளைப் பின்னாளில் ஏடுகளை ஒப்பிட்டுக் கண்டனர். இம்முறை வேறுபாடு தோன்றும் பொழுதிலேயே அதனைக் குறித்துக்கொள்கின்றது.

2005 ஏப்ரலில் லினஸ் தோர்வால்ட்ஸ் என்பார் கிற் என்னும் முறையை ஆக்கினார். முந்தைய முறைகள் பலவற்றில் வரலாறு ஒரு தலைமைக் கணினியிலேயே இருந்தது. ஏனையோர் அதனை நாடிப் பெற்றனர். கிற் முறையிலோ முழுப்பிரதி எடுத்த ஒவ்வொருவரிடமும் நூல் மட்டுமன்றி அதன் திருத்த வரலாறு முழுவதும் இருக்கும். ஒரு கணினி எரியினும் மற்றொன்றினின்று யாவும் மீளும். மேலும், ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்தினின்று கணித்தெடுக்கப்படும் அடையாளக் குறியொன்றுண்டு. அக்கணிப்பில் முந்திய பதிவின் குறியும் சேரும். ஆதலின் பழைய பதிவில் ஓரெழுத்தை ஒருவர் மறைவாக மாற்றினாலும் குறி பொருந்தாது, களவு வெளிப்படும். மூலத்தை நாளடைவிற் சிதைத்த மறைவான திருத்தத்துக்கு இஃதொரு தடையாகும்.

எழுதுவோர் இக்கருவியைத் தம் நூலுக்கும் பயன்படுத்தலாம். ஆயின் மனித இயல்பு மறதியுடையது. உற்சாகத்தோடு முதல் வாரம் பதிவு செய்பவர் இரண்டாம் மாதத்தில் மறந்துவிடுவார். ஆகவே அப்பணியைக் கணினிக்கே ஒப்படைத்தல் நன்று. யுனிக்ஸ் வழிவந்த கணினிகளிற் கிரான் என்னும் ஏற்பாடு உண்டு. குறித்த வேளையிற் குறித்த கட்டளையை அது தானே நிறைவேற்றும். மாலைதோறும் எழுத்தில் நேர்ந்த மாற்றத்தைப் பதிந்து, அப்பதிவை வேறிடத்துச் சேவையகம் ஒன்றுக்கு அனுப்புமாறு அதனை ஏவலாம். பிரட்டுக்களத்தின் ஒழுங்கு இங்கே எழுத்தின் காவலுக்கு வந்துவிடுகின்றது. ஒரு காலத்திற் கூலியின் கணக்குக்கு மட்டும் உரியதாயிருந்த நாட்பதிவு இன்று பாட்டுக்கும் கதைக்கும் உரியதாகின்றது.

இம்முறையின் எல்லைகளும் அறியத்தக்கன. பதிவு வேறு, காப்புப்பிரதி வேறு. ஒரே கணினியில் ஆயிரம் பதிவு இருப்பினும் அக்கணினி கெடின் ஆயிரமும் கெடும். வேறிடத்துக்கு அனுப்பிய பின்னரே அது காப்பாகும். இனி, வரலாறின்றி வெறும் நிழலாகப் பிரதி எடுக்கும் முறையில், மூலத்திற் தவறி அழிந்தது நிழலிலும் உடனே அழியும். தானியங்கு கருவி நன்மையைப் போலவே பிழையையும் சோர்வின்றிப் பெயர்த்துவிடும். வரலாற்றோடு கூடிய பிரதியே இவ்விடரைத் தாங்கும். மேலும், மீட்டுப் பார்க்கப்படாத பிரதியை நம்புதல் கூடாது. ஆண்டுக்கொருமுறை சரசுவதி பூசையில் ஏடு அடுக்கும் வழக்கம் தமிழர் இல்லங்களில் உண்டு. அடுக்கிய ஏட்டை மறுநாள் விரித்துப் படிப்பதும் அவ்வழக்கின் கூறே. காப்புப்பிரதியையும் அவ்வாறு விரித்துப் பார்த்தல் வேண்டும்.

தமிழுக்கே உரிய தடையொன்றும் உண்டு. இலங்கையிற் பல்லாண்டுகளாகப் பாமினி போன்ற எழுத்துருக்களிலே தட்டெழுதினர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவ்வெழுத்துக்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாது காத்தல், பூட்டைக் காத்துத் திறவுகோலை எறிதல் போலாகும். எளிய பாடக் கோப்பாக, பாட்டெனின் ஓரடியை ஒரு வரியாக அமைத்து எழுதுவோர்க்கே கிற் முறை முழுப்பயன் தரும்; எவ்வடி மாறிற்று என்பதை அப்பொழுது அது தெளிவாகக் காட்டும். ஹற்றனிற் பாடப்படும் தாலாட்டொன்று கூடலூரிற் சொல் வேறுபட்டு வழங்குமாயின், எது மூலம் என வழக்கிடாது இரண்டையும் அருகருகே காத்து, இரண்டும் எங்கே பிரிந்தன எனக் காட்டுதற்கும் இது துணை செய்யும். கடல் பிரித்த குடும்பத்தின் இரு கிளைகள் பாட்டின் பதிவிலே ஒன்றையொன்று காணும்.

இத்துறையில் வழி காட்டியோர் தமிழருள் உளர். 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிற் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னுருவாக்கி எவரும் இலவசமாகப் பெற வழங்கிற்று. 2005 இல் இலங்கையிற் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடிக் காத்து வருகின்றது. மலையக வெளியீடுகளும் அதிற் சேர்ந்துள்ளன. தன்னார்வலர் உழைப்பால் நடப்பது அது. அதன் பட்டியல் விக்கி முறையில் அமைந்தமையால், பக்கமொன்றில் யார் எந்நாளில் எதனைத் திருத்தினார் என்பதும் காக்கப்படுகின்றது. அச்சுலகிலும் துரைவி பதிப்பகம் 1997 இல் மலையகச் சிறுகதைகள் என்னும் தொகுப்பை வெளியிட்டு, இதழ்களிற் சிதறிக்கிடந்த கதைகளை ஒருங்கு சேர்த்தது. சிதறியதைத் திரட்டுதலும், திரட்டியதைப் பல இடங்களிற் பரப்புதலும் ஒரே பணியின் இரு கூறுகளேயாம்.

காலம் இன்னும் அமைதியுற்றதன்று. 2014 ஒக்டோபர் 29 இல் ஊவாவின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுட் புதைந்தன. மாண்ட உயிர்களுக்கு ஈடேதும் இல்லை. அவர்களுடைய எழுத்தும் படமும் சான்றும் அவ்வறைகளோடு சென்றன என்பதும் துயரின் ஒரு பகுதியே. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்ற நிலை பெரும்பாலும் நீங்கிற்று. ஆயினும் நினைவற்ற நிலையை நீக்கும் சட்டம் எதுவும் இல்லை. அதனை மக்களே நீக்கிக்கொள்ளல் வேண்டும்.

தோட்டப்புறப் பாடசாலையின் கையெழுத்துச் சஞ்சிகை, தொழிற்சங்கக் கூட்டத்தின் குறிப்பேடு, காமன் கூத்து வாத்தியாரின் பாட்டுக் கொப்பி ஆகிய யாவும் நாளைய வரலாற்றின் மூலங்கள். இவற்றை மாணவர் ஒருவர் கையடக்கத் தொலைபேசியாற் படமெடுத்து, எழுத்திற் பெயர்த்து, மூன்றிடங்களிற் பிரதி வைப்பாராயின், தாமோதரம்பிள்ளை ஓலைக்குச் செய்த தொண்டை அவர் தாளுக்குச் செய்தவராவார். ஏடெழுதிய பெயரறியாதோர் வரிசையில் அவருக்கும் ஓரிடம் உண்டு. பெயர் நில்லாது போயினும் எழுத்து நிற்கும். எழுத்து நிற்குமாயின், மலையேறி வந்து மலையை வளமாக்கியவர்கள் யாரெனக் கேட்கும் தலைமுறைக்கு விடை கிடைக்கும்.